நான்கு பெட்டிகளும் ஓர் உருளை அலையும்

எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டில் எனக்கு ஒரு அரியர் விழுந்தது. கணித இயற்பியல் தாள். அதில் உருளை அலை, கோள அலை என்ற பகுதியில்தான் சறுக்கினேன். கோள அலை புரிந்தது. ஒரு புள்ளியில் கிளம்பி, பலூன் உப்புவதுபோல் எல்லாப் பக்கமும் விரிவது. உருளை அலை நீண்ட கோடு ஒன்றிலிருந்து கிளம்புவது என்று மனப்பாடம் செய்திருந்தேன். அப்படியொரு கோட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. அது வெறும் குறியீடாகவே நின்றது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் பத்தாவதோடு நின்று, மைக் செட் வாடகைக்கு விட்டு என்னைப் படிக்க வைத்தான். அவனிடம் அரியரைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவனிடம் போனால், அவனே முகம் வாடி உட்கார்ந்திருந்தான். மாகறல் பக்கம் நடந்த ஜெபக் கூட்டத்தில் முன்னால் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்.

"ஏத்தினா முன்னால திட்றாங்க, கொறைச்சா பின்னால திட்றாங்க. நான் இன்னாமா பண்றது? அடுத்த கூட்டத்துக்கு போதகர் வேற ஆளத் தேடிக்கினு இருக்காரு."

"ஸ்பீக்கர் பாக்ஸெல்லாம் எப்படிண்ணா வெச்ச?"

"மேடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. எப்பவும் போலதான்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கோடு தெரிந்தது. "நாலையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாக்கலாமா?"

"விழுந்துச்சுன்னா?"

"நீ ஃப்ரேம் அடிக்க மாட்டியா?"

அடித்தான். எங்கள் தெரு முழுக்க நெசவுக்கான பட்டுப் பாவு நீட்டியிருந்ததால், திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பால் ஒரு வெட்டவெளிக்கு லோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். முதலில் ஒற்றைப் பெட்டி. அண்ணன் செல்போனில் சத்தம் அளக்கும் செயலியைப் பார்த்தபடி பின்னால் நடந்தான். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் வலு ஏறக்குறைய கால்வாசியானது. கோள அலை. அடுத்து நான்கையும் அடுக்கினோம். சத்தம் முன்பைவிடக் கேவலமாக வந்தது.

"இதுக்குத்தான் படிச்சியா நீ?" என்று சிரித்தான். பிறகு அவனே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒரு பெட்டிக்கு ஒயர் தலைகீழாக மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்தான். மற்றவை தள்ளும்போது அது இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டு மறுபடி நடந்தான்.

"பாதிதான் கொறையுது! பாதிதாம்மா!"

உருளை அலை எங்கள் முன்னால் நின்றது. ஆனால் இன்னும் தள்ளிப் போனதும் சத்தம் பழையபடி வேகமாக விழுந்தது. ஏன் என்று குழம்பி, நானும் அவன் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து நான்கு பெட்டியும் ஒரு சிறு புள்ளியாகத் தெரிந்தன. கிட்டே உருளை, தூரத்தில் கோளம். புத்தகம் பக்கம் பக்கமாகச் சொன்னது இதைத்தான். அங்கேயே அரியரையும் சொல்லிவிட்டேன்.

"அவ்ளோதானா? எழுதிக்கலாம் வுடு. ஒயரச் சுத்து, வெயில் ஏறுது."

போதகரிடம் இருவரும் போய்க் கேட்டோம். யோசித்துவிட்டு, "சரி, இன்னொரு தபா பாப்பம்" என்றார். கூட்டத்தன்று பெட்டிகளை அடுக்கினோம். முன்வரிசைப் பிள்ளைகள் இந்த முறை காதைப் பொத்தாமல் தாளம் தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த அம்மா, போதகர் சொன்ன கதையை வீடு வரும் வழியெல்லாம் எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

அந்தத் தாளைத் திரும்ப எழுதித் தேறினேன். அடுக்கிய பெட்டிகளையே இப்போது என் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். அண்ணனிடம் ஒரு புதுக் கேள்வி இருக்கிறது: பாட்டும் பேச்சும் நேராகப் போகும்போது, பேஸ் சத்தம் மட்டும் ஏன் மேடைக்குப் பின்னாலும் பரவுகிறது? வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை அளக்கப் போகிறோம். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது.