எந்தக் கோணத்திலும் திருப்பலாம்

"சிஸ்டம் தப்பு பண்ணிடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டு அச்சகத்தில் சொல்வார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு கவுன்ட்டரில் சொல்வார்கள். சிஸ்டம் பாவம், வாயில்லாத ஜீவன். யார் தலையில் வேண்டுமானாலும் கட்டலாம் என்றால் அதன் தலையில் கட்டுவதுதான் சுலபம். இப்படி ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்த நானே ஒருநாள் அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். காலையில் ஆலங்காயத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் வாணியம்பாடி வழியாகப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் கையில் போன், இரண்டு காதிலும் இயர்போன். மேலிருந்து கட்டைகள் விழும். விழுவதற்குள் திருப்பித் திருப்பி, சந்து இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துபோகும். அவ்வளவுதான் விளையாட்டு. "முப்பது வயசு தாண்டிடுச்சு, இன்னும் கட்ட அடுக்கினு இருக்கா பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அதே அம்மா சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துவாள். 

வீடியோ கேம் விளையாடுகிறவர்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உலகத்தில் நேர்மையான இடம் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. நேற்று இருந்த விதி இன்றும் இருக்கும். ஆள் பார்த்து மாறாது. தோற்றால் நீதான் தோற்றாய்.

வாணியம்பாடியில் என் தோழி ஏறுவாள். என் வயதுக்காரி, வீட்டில் உருது பேசுகிறவள், கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். வெட்டி வருகிற தோல் துண்டு ஒவ்வொன்றையும் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று தடவி, பின்பக்கம் வெள்ளிப் பேனாவால் நம்பர் போட்டுக் கட்டி தையலுக்கு அனுப்புவது அவள் வேலை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்து வைப்பது என் வேலை. அவள் பேசுவாள். நான் "ம்" போடுவேன். ஏழு வருடமாக அப்படித்தான் ஓடியது.

நானும் முதலில் தையலில்தான் இருந்தேன். போன வருடம் தோல் வெட்டும் புது மெஷின் வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவர் யார் என்று மேனேஜர் கேட்டார். எப்போதோ படித்த டிப்ளமோவைச் சொல்லி நான் கை தூக்கினேன். ஏசி ரூம், சுற்றும் நாற்காலி, இரண்டு திரை. மூன்று நாள் பயிற்சி கொடுக்க பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். எதைக் கேட்டாலும் "அது ரொம்ப ஈஸி மேடம், யூசர் பிரெண்ட்லி" என்றார். எந்த யூசருக்கு பிரெண்ட் என்று அவர் சொல்லவில்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது மேடம், அன்டூ இருக்கு, செஞ்சத அப்படியே திருப்பிடலாம்" என்றார்.

இந்த சாப்ட்வேர் உலகத்திடம் எனக்கு உள்ள பெரிய சண்டையே அதுதான். முதலில் வெளியே விடு, தப்பு வந்தால் அடுத்த அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அந்தத் தைரியம். திரையில் அது நடக்கும். தோலில் கத்தி இறங்கினால் இறங்கியதுதான்.

மெஷின் செய்வது இதுதான். மேஜைமேல் தோலை விரித்தால் மேலே இருக்கும் கேமரா படம் பிடிக்கும். அந்தப் படம் திரையில் வரும். ஷூவின் முன்பாகம், பக்கம், நாக்கு, குதிகால் பட்டை என்று எல்லாத் துண்டுகளையும் அந்தத் தோலுக்குள் இடம் வீணாகாமல் சாப்ட்வேர் அடுக்கிக் காட்டும். நாம் சரி என்றால் கத்தி ஓடும். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் நான் ஆடுகிற அதே ஆட்டம்.

ஆனால் சாப்ட்வேர் அடுக்கியதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. முன்பாகத் துண்டுகளுக்கு நடுவே சந்து சந்தாக இடம் விட்டது. இதையே நான் போனில் செய்திருந்தால் நாலே நிமிடத்தில் தோற்றிருப்பேன். ஏன் என்று தேடிப் பார்த்தால், முன்பாகத்தை இவ்வளவுதான் திருப்பலாம் என்று ஒரு பூட்டு போட்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, "எந்தக் கோணத்திலும் திருப்பலாம்" என்று மாற்றினேன். "உறுதியாகத்தானா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியைப் படித்து பதில் சொன்னவர் யாராவது இந்த நாட்டில் உண்டா? ஆம் என்று அழுத்தினேன்.

துண்டுகள் சும்மா பொருந்திப் பொருந்தி உட்கார்ந்தன. ஒரு தோலுக்கு இரண்டு ஜோடி கூடுதலாக வந்தது. மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தத் திரையைப் படமெடுத்துப் போட்டார். வரிசையாகக் கட்டைவிரல்கள். மறுநாள் மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெரியாமல் செய்திருந்தால்கூட என் மனது ஆறியிருக்கும். தோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடாது என்பது எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனிப் படியேறிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். முதுகுப் பக்கம் விறைப்பாக நிற்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று வரும். ஒரே துண்டிலும் ஒரு திசையில் கம்மியாக இழுபடும், இன்னொரு திசையில் ஜாஸ்தியாக. ஷூவின் மூக்கு கம்மியாக இழுபடும் திசையில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதம் மாதிரி இருக்கும் அச்சில் மாட்டி இழுக்கும்போது ஒரு கால் நீளும், ஒரு கால் கோணும். கையால் வெட்டுகிறவர்கள் கத்தியை வைப்பதற்கு முன்னால் இரண்டு கட்டைவிரலாலும் தோலை இழுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பூட்டும் அதற்காகத்தான் இருந்தது. திரையில் தெரிந்ததோ வெறும் பழுப்பு நிறம். அதற்கு முதுகும் இல்லை, வயிறும் இல்லை. ஆறு வருடம் தோலைத் தைத்த நானே அதை மறந்துபோனேன்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மேனேஜர் என் ரூமுக்குள் வந்தார். கையில் ஒரு ஜோடி ஷூ. இன்னும் அடி வைக்காத, மேல்பாகம் மட்டும் அச்சில் இழுத்து மாட்டிய ஜோடி. என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது சரியாக இருந்தது. இடதின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, யாரோ கூப்பிட்ட மாதிரி.

"இன்னாம்மா இது?" என்றார்.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இரண்டரை நாள் வெட்டிய துண்டுகள். எல்லாம் இந்நேரம் தையலுக்குள் போயிருக்கும். தைத்துவிட்டால் ஊசி ஓட்டை. அப்புறம் அந்தத் துண்டு எதற்கும் ஆகாது. வெளிநாட்டு ஆர்டர் வேறு. அது போனால் என் நாற்காலியும் போகும். திரும்பத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தால்கூட அது அவர்கள் பெருந்தன்மைதான்.

நான் அந்த இடது ஷூவையே திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவரே வழியையும் காட்டினார். "சாப்ட்வேர் கோளாறா? சிஸ்டம் தப்பு பண்ணிடுச்சா? அந்த பெங்களூர் ஆளுக்கு போன் போட்டுக் கிழிக்கட்டுமா?"

இதோ, அந்த வாக்கியம் தட்டில் வைத்து நீட்டப்பட்டது. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று சாப்ட்வேர் குறித்து வைத்திருக்கும்தான். ஆனால் அதைத் திறந்து படிக்கத் தெரிந்தவள் அந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான். ஆமா சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நான் யோக்கியமானவள், அதனால் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. பக்கத்து அறையில் மெஷின் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கத்திச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நான் பொய் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் நாலு முன்பாகம் வெட்டியிருக்கும்.

"மொதல்ல மெஷின நிறுத்தணும் சார்" என்றேன். "சிஸ்டம் ஒண்ணும் பண்ணல. நான்தான் பூட்ட எடுத்துட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். "எத்தினி தையலுக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டார். மெஷினை நிறுத்திவிட்டு செக்கிங் டேபிளுக்கு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

என் தோழி நிதானமாக ஒரு துண்டைத் தடவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, மேஜைக்குக் கீழே தொங்கிய துணியை விலக்கினாள். ட்ரே ட்ரேயாக அடுக்கி இருந்தது. திங்கள், செவ்வாய், இன்று காலை. எல்லாம் என் துண்டுகள். ஒன்றிலும் வெள்ளிப் பேனா படவில்லை.

"ஒண்ணுகூடப் போவல சார்" என்றாள். "அந்த ஒரு ஜோடி மட்டுந்தான். அதுவும் நான்தான் தனியா தைக்கச் சொல்லி, அச்சுல மாட்டிப் பாருங்கன்னு குடுத்தனுப்பினேன்."

அவளுக்குத் திங்கட்கிழமை முதல் கட்டுத் துண்டுகளைத் தொட்டதுமே கட்டைவிரல் சொல்லிவிட்டதாம். தையல்காரர்கள் துண்டு கேட்டபோதெல்லாம், போன வாரம் கையால் வெட்டிய பழைய இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். புதுசு எங்கே என்று கேட்டவர்களிடம் வெள்ளிப் பேனா தீர்ந்துவிட்டது, ஸ்டோரில் எழுதிக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பாக்கெட்டில் மூன்று வெள்ளிப் பேனாக்கள் இருந்தன.

"முருகா" என்று மேனேஜர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அது காதால் கேட்கிற பழமொழி இல்லை. உடம்பில் இறங்குகிற ஒன்று. அத்தனை பேர் பார்க்க மூக்கு ஒழுக அழுததில் எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

அழுது முடிப்பதற்குள் என் தோழி என் கையில் ஒரு ட்ரேயைத் திணித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக இழுத்துப் பார்த்துப் பிரித்தோம். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தன. சாப்ட்வேர் தேவைப்பட்ட இடத்தில்தான் திருப்பியிருந்தது. கோணலாய்ப் போனதையெல்லாம் நாக்குக்கும் குதிகால் பட்டைக்கும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம் என்று மேனேஜரே சொன்னார். போகும்போது, "இனிமே எதையாவது மாத்தணும்னா, ஒரு துண்டு வெட்டி இந்தம்மா கைல குடுத்துட்டு மாத்து" என்றார். நாற்காலியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பூட்டை நான் அன்றே திரும்பப் போட்டேன். "உறுதியாகத்தானா?" என்று அது கேட்டதை, வாழ்க்கையில் முதல் தடவையாக, கடைசி எழுத்துவரை படித்தேன்.

சாயங்கால பஸ்ஸில் வழக்கம்போல அவளுக்கு ஜன்னல் சீட். மூச்சு விடுவதே புதுசாக, லேசாக இருந்தது. "அப்படி என்னாதான் இருக்கு அதுல, குடு" என்று என் போனை வாங்கினாள். விழுந்து வந்த கட்டையை இரண்டு கட்டைவிரலாலும் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

"இழுத்துப் பாக்கவே விடமாட்டேங்குதே. இத நம்பி எப்படி வெக்கறது?" என்று பேஜாராகித் திருப்பிக் கொடுத்தாள். டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

சிரித்து அடங்கியதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "திங்கக்கெழமையே தெரியும்ல உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னாடி?"

"சொன்னேன்" என்றாள். "திங்கக்கெழம சாயங்காலம் இந்த சீட்ல உக்காந்து சொன்னேன். ம்முன்ன. நேத்து காலைல சொன்னேன். ம்முன்ன. சாயங்காலமும் சொன்னேன். அதுக்கும் ம்முன்ன. ஊதற சங்க எத்தினி வாட்டி ஊதறது? அதான் ஒரு ஜோடிய மாட்டி அனுப்பினேன்."

"இயர்போன் போட்டிருந்தேன்டி. புடுங்கிப் போட்டிருக்கலாம்ல?"

"புடுங்கினேனே. ஒரு காதுல இருந்தத."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் என் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கியிருக்கிறாள். நான் இன்னொரு காதோடு அடுத்த வரிசையை அடுக்கியிருக்கிறேன். போனை எடுத்துப் பைக்குள் போட்டேன். "இன்னா சொல்ல வந்த, இப்ப சொல்லு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாத்தனார் வீட்டு விசேஷத்தில் நடந்த சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். வாணியம்பாடி வரும்வரைக்கும் சொன்னாள், அப்போதும் முடியவில்லை. நான் ஒரு "ம்" கூடப் போடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.