ஒரு கிலோ கூட்டி எழுதிய பதிவேடு

மேற்பார்வையாளராகி நான் முதன்முதலில் ஆய்வுக்குப் போனது, எட்டு வருடம் நானே டீச்சராக இருந்த பால்வாடிக்குத்தான். வீரசோழன் பஸ்ஸில் போய் இறங்கி, கண்மாய்க் கரையோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அன்றைக்கு வெட்கமே இல்லாமல் மிதப்பாக நடந்தேன். தோளில் புதுப் பை, கையில் புது டைரி. எங்கள் பக்கத்தில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தவள் பால்வாடி டீச்சராகவே ஓய்வு பெறுவாள். தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போய், மதுரையில் ஐந்து மாதம் பயிற்சி முடித்து மேலே வந்தவள் அப்போது அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் நடையில் நிரந்தரமாகிவிட்டது.

பிள்ளைகள் எழுந்து நின்று, நான் சொல்லிக் கொடுத்திருந்த பாட்டையே எனக்குப் பாடிக் காட்டின. சுவரோரம் ஒரு பெண் பிள்ளை மட்டும் எழவில்லை. இரண்டு வயது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை. கொஞ்சலாம் என்று தூக்கினேன்.

தூக்கியதும் பகீரென்றது. நான் திருச்சுழிப் பலசரக்குக் கடைக்காரர் மகள்; பத்து வயதில் பொட்டலம் கட்டத் தொடங்கிய கை இது. எதைத் தூக்கினாலும் எடையை ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். இந்தப் பிள்ளை ஏழு கிலோவுக்கு மேல் இருக்காது என்று கை சொன்னது. பதிவேட்டைப் புரட்டினால், நாலு நாளுக்கு முன்னால் எடுத்த எடை எட்டு கிலோ.

இரண்டு வயதுக்கு எட்டே மெலிவுதான். இருந்தாலும் வளர்ச்சி அட்டையில் அது ஆபத்துக் கோட்டுக்கு மேலே நிற்கும். ஏழு என்றால் கோட்டுக்குக் கீழே. கீழே போன பிள்ளைக்குச் சத்துமாவு இரண்டு பங்கு கொடுக்க வேண்டும், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தக் கோட்டுக்காகத்தான் மாதா மாதம் எடை போடுவதே. நானே தராசை மாட்டி, கால்சட்டை போலத் தைத்த பையில் பிள்ளையை உட்கார வைத்தேன். முள் ஏழில் நின்றது.

என் இடத்துக்கு வந்திருந்த புது டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண். பத்தொன்பது வயதுதான் இருக்கும். தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"ஏழுதான் டீச்சர். ஒண்ணு கூட்டுனா எட்டு. நீங்க சொன்னபடிதான எழுதியிருக்கேன்?" என்றாள்.

அப்படிச் சொன்னது நான்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எடை போடும் நாளென்றாலே தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். நாலு பேர் பார்க்கத் தொங்கவிட்டு, இத்தனை கிலோ என்று சத்தமாகச் சொன்னால் கண் படாதா என்பது அவர்கள் கேள்வி. ஒரு கொழுகொழுப் பையனுக்கு எடை சொன்ன மறுநாளே காய்ச்சல் வந்துவிட, அவன் அம்மா என்னைக் குழாயடியில் வைத்து வெளுத்து வாங்கினாள். அதற்குப் பிறகு நானும் பால்வாடி ஆயாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். முள்ளைப் பார்த்துச் சொல்வது ஆயா, எழுதுவது நான். ஆயா ஒரு கிலோ குறைத்துச் சத்தமாகச் சொல்வாள். நான் ஒரு கிலோ கூட்டி எழுதுவேன். பதிவேட்டில் உண்மையான எடை ஏறிவிடும். சொல்வதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்று தாய்மார்களுக்குத் தனித்தனியாகக் காதில் போட்டு வைத்தோம்.

எங்கள் கடையில் அப்பா படி அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்று தொடங்கி, அப்புறம்தான் இரண்டு, மூன்று என்பார். வாய் சொல்வது வேறு, மனசு எண்ணுவது வேறு என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். இதிலே தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை. பிள்ளைகள் ஒன்று விடாமல் எடைக்கு வந்தன. ஒரு மாதம்கூட விடுபடாத என் பதிவேட்டை மற்ற மையத்து டீச்சர்களுக்குக் காட்டிப் பாராட்டினார்கள். என்னை மேலே தூக்கிவிட்டது அந்தப் பதிவேடுதான்.

மதுரைப் பயிற்சிக்கு உத்தரவு வந்தபோது ஒரு நாள்தான் அவகாசம். புதுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்தேன். ஆயா அன்றைக்கு நரிக்குடிக்கு மாவு மூட்டை எடுக்கப் போயிருந்தாள். ஆயா சொல்வதோடு ஒரு கிலோ கூட்டி எழுது என்றேன். எதற்கு டீச்சர் என்று அவள் கேட்கத்தான் செய்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. இங்கே அப்படித்தான், எழுது என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இப்போது ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் கொறைச்சுச் சொல்லல டீச்சரு. புதுப் பிள்ளைக்கு நம்ம ஏற்பாடு தெரியாதே, தப்பா எழுதிறப்படாதேன்னு உள்ளதச் சொல்லிட்டேன். கேக்குறவுக கொறைச்சுச் சொல்றதாத்தான நெனைப்பாக, கண்ணும் படாதுல்ல" என்றாள்.

ஒருத்தி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தி எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள். இரண்டு பேரிடமும் நான் கோபப்பட ஒன்றும் இல்லை. பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். என் கையெழுத்து முடிந்து அவள் கையெழுத்து தொடங்கும் மாதத்தில், முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு கிலோவுக்குக் குறையாமல் தாவியிருந்தார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன்னால் இருந்த மேற்பார்வையாளர் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்.

இந்தப் பிள்ளை ஒன்றுதான் தாவவில்லை. நான் கடைசியாக எழுதியபோது எட்டில் இருந்தது, ஆறு மாதமாக எட்டிலேயே நிற்பதாகப் பதிவேடு சொன்னது. விரல் விட்டு மாதங்களை எண்ணினேன். எல்லோரும் பொய்யாக ஒரு கிலோ ஏறிய மாதத்தில் இது நின்றிருக்கிறது என்றால், அந்த மாதமே ஒரு கிலோ இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் கோட்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது.

மிளகாய்க் காட்டிலிருந்து தாயை அழைத்து வந்தார்கள். அந்த மாதம் பிள்ளைக்குப் பேதி கண்டதாம், அப்புறம் உடம்பு தேறவே இல்லையாம். உனக்குத் தெரியவில்லையா, மெலிந்துபோனதைப் பார்க்கவில்லையா என்று அவளைத்தான் முதலில் கேட்டேன். என் புத்தி அப்படித்தான் போனது.

"ஏழுன்னாக. நீங்க சொல்லிக் குடுத்தபடி ஒண்ணு கூட்டிக்கிட்டேன். எளச்சாப்புலதான் தெரிஞ்சுச்சு. எடை நிக்குதே, பெத்தவ கண்ணும் படும்பாகளே, நம்ம கண்ணுதான் போலன்னு உத்துப் பாக்காம இருந்தேன்" என்றாள்.

பெற்ற பிள்ளையை நேராகப் பார்க்காமல் மாதக்கணக்கில் சோறூட்டியிருக்கிறாள். இதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த பஸ்ஸில் இருவரையும் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பிள்ளை என் மடியில் இருந்தது. அது அழுதால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அழவில்லை.

வீக்கம் இருக்கிறதா என்று டாக்டர் பிள்ளையின் காலை அழுத்திப் பார்த்தார். இத்தனை நாளாக யாருமே எடை பார்க்கவில்லையா என்று கேட்டார். மாதா மாதம் பார்த்தோம் என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அந்தத் தாயோ என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வந்திருக்காவிட்டால் பிள்ளை எனக்கில்லை என்றாள். எதற்கும் அசராதவள் என்று பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு வராந்தாவில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அறிக்கை கேட்டார்கள். அதிகாரி என்னை உட்காரச் சொல்லி, நடந்ததை முழுக்கக் கேட்டார். நான் முழுக்கச் சொல்லவில்லை. புதுப் பெண் எடையைக் கூட்டி எழுதிவிட்டாள் என்பது வரைதான் சொன்னேன். நிரந்தரமாகிற நேரம், பார்த்து எழுதுங்கள் என்றார் அவர். பார்த்துத்தான் எழுதினேன். 'மையப் பணியாளர் எடையைத் தவறாகப் பதிவு செய்துள்ளார்.' அந்த வரியில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படி எழுத எனக்கு எப்படிக் கை வந்தது என்று இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது. வெகு சுலபமாக வந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, புதுப் பதவியின் முத்திரையைக் குத்தினேன்.

அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். டீச்சர் சொல்லித்தான் செய்தேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. நான் நிரந்தரமானேன். பிற்பாடு அதற்கும் மேலே ஒரு படி ஏறி, வேலைக்கு வரும் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கும் வந்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதைச் சேர்த்து மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கே வேலை போன அந்தப் பெண் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பால்வாடிச் சாவி அவளிடமே தங்கிவிட்டதாம், கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். நாலு பேர் முன்னால் நியாயம் கேட்கப்போகிறாள் என்று ஒதுங்கி நிற்க இடம் பார்த்தேன். அவள் சாவியை என் கையில் வைத்தாள்.

"பிள்ளை இப்ப எவ்வளவு இருக்கு டீச்சர்?"

எட்டு என்றேன்.

"கூட்டுனதா, கூட்டாததா?"

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கூட்டாதது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.