மதிலோரம் நின்றவர்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து ஐம்பதுக்கு அவரைக் கண்டேன். ஆறு மணிக்கு மகளுக்கு இணையவழிக் கணித வகுப்பு. அவளைக் கூப்பிட நேரமாகிவிட்டதா என்று மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படியில் நின்றபடி குசினி யன்னலால் வெளியே பார்த்தேன். பக்கத்து வளவில் தங்கியிருந்த வேலையாட்களில் ஒருவர் எங்கள் மதிலோடு ஒட்டி நின்று, கைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் மகளின் அறை. யன்னல் திறந்திருந்தது. அவளுக்குப் பதினாறு வயது.

துறைமுகத்தைப் பார்த்தபடி எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல் கட்டட வேலைக்காக, பீகாரிலிருந்து ஒன்பது பேரைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் இருத்தியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் இந்திக்காரன்கள். கடுகெண்ணெய் மணம் என்றோம். சிவப்பாகத் துப்புகிறார்கள் என்றோம். பெண்சாதி பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்களின் கண் நல்லதாயிராது என்று ஒருநாள் கோயிலடியில் சொன்னது நான்தான். என் கணவர் ஐந்து வருடமாகக் கட்டாரில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருக்கிறார். அவர் வெளிநாட்டில் வேலை செய்பவர், இவர்கள் கூலிகள். கச்சேரியில் அரசாங்க வேலை பார்க்கும், நாலு புத்தகம் படித்த என் தலைக்குள் அது அப்படித்தான் இருந்தது.

நான் நேரே போய் அவரிடம் கேட்டிருக்கலாம். போகவில்லை. பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முன்வீட்டு அண்ணரிடம் ஓடினேன்.

“அண்ணை, அவன் பிள்ளையின்ட யன்னலை வீடியோ எடுக்கிறான் போல.”

அந்தப் ‘போல’ ஒழுங்கையின் பாதித் தூரம்கூடப் போய்ச் சேரவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் ஏழெட்டு ஆம்பிளைகள் கூடிவிட்டார்கள்.

“டேய், இஞ்ச வா. என்னடா எடுக்கிற?” என்றார் அண்ணர்.

“நோ போட்டோ. நோ போட்டோ.”

“அப்ப மதிலோடயோ கதைச்சுக்கொண்டு நிண்டனி?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும், சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். “சிரிப்பைப் பார் நாய்க்கு” என்று மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர் கன்னத்தில் அறைந்தார். பிறகு இன்னொருவர். கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை அவர். கைபேசியைப் பறித்த அண்ணர், அது பூட்டுப்பட்டிருந்ததால் திறக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

“பிள்ளை, இதை நீ வைச்சிரு. அவங்கட மேற்பார்வையாளர் வரட்டும், காட்டுவம்.”

நான் அதைக் கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஏழு மணி தாண்டி அலுமாரிக்குள் அது அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. நாலாவது தடவை எடுத்துப் பார்த்தேன். வீடியோ அழைப்பு. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், மடியில் மொட்டையடித்த குழந்தை, சின்னப் படமாகத் திரையில். மேல் மூலையில் வைஃபை அடையாளம். எங்கள் வீட்டுக்குள் இருப்பது எங்கள் வைஃபை ஒன்றுதான். கடவுச்சொல் மகளின் பெயரும் அவள் பிறந்த வருடமும்.

வகுப்பை இடையில் நிறுத்திவிட்டு மகள் வாசலில் நின்றாள்.

“நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தனான், அம்மா.”

“எப்ப?”

“காஸ் சிலிண்டரை அவர் தூக்கி வைச்ச அண்டைக்கு. நீங்கள் தேத்தண்ணி ஊத்தினீங்கள். அந்த நேரம் போனைக் காட்டி, வீட்டோட கதைக்கோணும் எண்டு கையால சொன்னவர். மதிலடியில நிண்டாத்தான் சிக்னல் வரும். அப்பாவும் முதல் வருசம் கடை வாசலில நிண்டுதானே கதைச்சவர்?”

அந்த நாள் நினைவிருந்தது. முச்சக்கரவண்டிக்காரர் சிலிண்டரை வாசல் படலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நாரி நோவு, குனிந்து தூக்க முடியாது. இவர்தான் கேட்காமலே வந்து, குசினி வரை தூக்கி வந்தார். எங்கள் கோப்பையில் கொடுக்க மனம் வராமல், கழுவி வைத்திருந்த பிளாஸ்டிக் யோகட் கப்பில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சூட்டுக்கு அது வளைந்தது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் நின்று குடித்தார்.

“அடிக்கேக்க ஏன் சொல்லேல்லை?”

“எல்லாரும் நிண்டவை. பயமாயிருந்தது.”

இதை வெளியே சொன்னால் கதை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். தகப்பன் ஊரில் இல்லாத பெட்டை, இந்திக்காரனுக்குத் தன் பெயரைக் கொடுத்து மதிலடிக்குக் கூப்பிட்டாள் என்று போகும். மூன்றாம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நானே கதைத்திருக்கிறேன். அந்தக் குடும்பம் இப்போது இந்த ஊரில் இல்லை.

கணவர் வேலை முடிந்து போன் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அடிச்சவங்களோ?”

“ஓம்.”

“அவன் திருப்பி ஒண்டும் செய்யேல்லையோ?”

“இல்லை.”

“செய்ய ஏலாது” என்றார். பிறகு, “நீ ஒருத்தரோடயும் கதைக்காத. முதல் எங்கட பிள்ளையைப் பாப்பம்” என்று வைத்துவிட்டார். மகளிடம் கொடு என்று அன்று கேட்கவில்லை.

அடுத்த நாள் கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு, கட்டடப் பலகையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மேற்பார்வையாளர் பக்கத்தில் கப்பல்துறை ஊர்ப் பையன். வளைகுடாவில் இருந்த காலத்தில் இந்தி பழகியவர்.

“தம்பி, அவரை வேலையால நிப்பாட்ட வேண்டாம்.”

“ஏன் அக்கா? அவன் எடுக்கேல்லையோ?”

“எடுத்ததை நான் காணேல்லை.”

“அப்ப ஒழுங்கையில எல்லாருக்கும் முன்னால வந்து அதைச் சொல்லுவீங்களோ? சும்மா போனில சொல்லி ஏலாது. ஊர்ச் சனம் வேலையை மறிச்சா முதலாளி என்னைத்தான் கேப்பார்.”

நான் மகளின் அறைக் கதவைப் பார்த்தேன்.

“யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆனா வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. கொம்பனி விசாவில வந்தவன், இஞ்ச வேற இடத்தில வேலை செய்ய ஏலாது.”

அன்று பகல், சொல்லிவிடலாம் என்று படலை வரை ஒருதரம் போனேன். முன்வீட்டு அண்ணரின் மனைவி மறித்தார். “பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே? அவன் முந்தியும் கதை குடுத்தவனோ? ஒளிக்காமச் சொல்லு.” குரலில் அக்கறை இருந்தது. கண்ணில் வேறொன்று இருந்தது. ஒன்றுமில்லை அக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பின்னேரம் கைபேசி மறுபடி அடித்தது. மகள் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். மின்னேற்றம் இறங்கி அது அணையப் போனபோது, ஏனென்று தெரியாமல் சார்ஜரில் போட்டேன்.

வியாழக்கிழமை நாலரைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து படலையில் நின்றது. முன்னால் மேற்பார்வையாளர், பின்னால் அவர். கழுவிய சேர்ட் போட்டிருந்தார். இடது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முன்வீட்டு அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து நின்றார். இன்னும் இரண்டு மூன்று படலைகள் திறந்தன. கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை வாங்கித் திரையைத் தட்டிப் பார்க்காமலே பைக்குள் வைத்தார்.

மேற்பார்வையாளர் அவர் முதுகில் தொட்டார். அவர் கைகூப்பினார். மகளின் அறைப் பக்கம் திரும்பவேயில்லை. வழியெல்லாம் பாடமாக்கி வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அக்கா. என்ட பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“இப்ப தமிழ் வருது, பாத்தியளே” என்றார் அண்ணர்.

என் பின்னால் உள்ளே கதிரை ஒன்று தரையில் உரசிய சத்தம் கேட்டது. மகள் எழும்பி வரப்போகிறாள் என்று நினைத்து, நான் வாசலை மறைத்து நின்றேன். அவள் வரவில்லை.

மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளைத் திருப்பி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னார்.

“சரி அக்கா, நாளைக்கு விடிய இவன் போயிடுவான். இனி உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?”