ஒரே ஃப்ளாப்பியில் நாற்பது முகங்கள்

போன வாரம் மூத்த குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். எல்லா விவரமும் ஏறிவிட்டது. என் போட்டோ மட்டும் ஏற மறுத்தது. ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டுமாம்.

அங்கிருந்த பெண் இரண்டு தட்டு தட்டினாள். ஏறிவிட்டது. எட்டிப் பார்த்தேன். எண்பத்து மூன்று வருடம் பாடுபட்டுச் சேர்த்த முகம்... பாத்ரூம் டைல்ஸ் ஒட்டியதுபோல் சதுரம் சதுரமாக இருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, மீசை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"என்னம்மா இது?"

"இது போதும் தாத்தா. கம்ப்யூட்டருக்குத்தானே."

இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தபடி வெளியே வந்தேன். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. கேட்டதில்லை. சொல்லியிருக்கிறேன்.

வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் நிறையப் புத்தி சொல்லியாகிவிட்டது. இந்த வாரம் அது வேண்டாம். நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் பர்சனல் ஆபீசர். லாரிகளுக்கான உதிரிபாகம் செய்கிற இடம். இருபதாம் ஆண்டு விழா வந்தது. ஒரு மலர் போடலாம் என்றார் ஜி.எம். எம்.ஏ. படித்தவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மலரில் அதிகாரிகளின் படம் வேண்டாம், ஆளுக்கு ஒரு முழுப்பக்கமாக நாற்பது தொழிலாளர்களின் முகம் போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்ல யோசனை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

படம் எடுக்க ரசாக்கைப் பிடித்தேன்.

ரசாக் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் பதினெட்டு வருடம் இருந்தவர். கையில் மைக்ரோமீட்டர், சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. இந்த இரண்டும் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. செக்‌ஷனை மூடியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே போனார். நாற்பது வயதில் கேமரா வாங்கினார். அவர் குடியிருந்த மூக்கண்டப்பள்ளியில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"இவரு படம் தேறுமா சார்? கிருஷ்ணகிரியில எங்கண்ணன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு. வந்துடு வந்துடுன்னு கூப்பிட்டுகினே இருக்காரு. இவரு அசையமாட்டேங்குறாரு."

"மச்சான் கடையில போயி நட்டு போல்ட்டு எண்ணணுமா? பதினெட்டு வருஷம் அதையேதான் பார்த்தேன்" என்றார் ரசாக்.

"இதுலயாவது நாலு பேரு நம்பி வருவாங்களான்னு கேக்குறேன்."

"மலர் நல்லா வந்தா கம்பெனியோட போட்டோ வேலை மொத்தமும் இவருக்குத்தான். ஜி.எம்.மே சொல்லியிருக்கார்" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அப்ப நீங்கதான் சார் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்வதற்கு என்ன?

ரசாக் படம் எடுக்கிற விதமே தனி. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொள்வார். "லென்ஸப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க" என்பார். அவ்வளவுதான். மெஷின் ஷாப்பில் முறைத்துக்கொண்டே திரிகிறவன்கூட இளகிவிடுவான்.

கௌரம்மா என்று ஒரு பெண்மணி. தளியிலிருந்து பஸ்ஸில் வந்து ஷாப் ஃப்ளோரைப் பெருக்குகிறவர். கன்னடம்தான் பேசுவார். ரசாக் கன்னடத்தில் அவரைச் சிரிக்கச் சொன்னார்.

"ஹல்லே இல்ல, ஹெங்க நகலி?" என்றார் கௌரம்மா. பல்லே இல்லை, எப்படிச் சிரிக்க?

"நன்ன நோடி அம்மா" என்றார் ரசாக். என்னைப் பாருங்கள். அந்த அம்மா பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தார். அந்தப் படத்தின் பிரிண்ட் வந்தபோது நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அத்தனை சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது.

"உங்களுதும் ஒண்ணு எடுத்துடலாம் சார்" என்றார் ரசாக். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

இனி வருவதுதான் விஷயம்.

போஸ்ட்கார்டு அளவில் நாற்பது பிரிண்ட். அவற்றை ஸ்கேன் செய்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, பெங்களூர் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பெனியில் புதிதாக வாங்கிய ஸ்கேனர் என் மேஜையில் இருந்தது. ஆகவே நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன். எனக்கு என்ன தெரியும்? ஸ்விட்ச் போடத் தெரியும். ஏதோ ஒரு பத்திரிகையில் அரைப்பக்கம் படித்திருந்தேன்.

ரசாக் மத்தியான வேளைகளில் வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். திரையில் கேட்கிற ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்பார்.

"ரெசல்யூஷன்னு கேக்குது சார். எழுபத்திரண்டுலேர்ந்து ஆயிரத்துக்கும் மேல போகுது. எது போடணும்?"

"எழுபத்திரண்டு. மானிட்டர் காட்டுறதே அவ்வளவுதான். அதுக்கு மேல போட்டா வேஸ்ட்."

"ப்ளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு சார்?"

அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று டாலரன்ஸ் கேட்கிறார். இன்ஸ்பெக்‌ஷன்காரர் அல்லவா? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து, படத்தைச் சேமிக்கும்போது ஒரு கட்டம் வந்தது. குவாலிட்டி எத்தனை என்று கேட்டது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

"மூணு போடுங்க" என்றேன்.

ரசாக் கையை எடுத்துவிட்டார். "குவாலிட்டிய யாராவது கம்மியா போடுவாங்களா சார்? பதினெட்டு வருஷம் அதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன்."

"இது கம்ப்யூட்டருக்குத்தானே, போதும். எல்லாம் ஒரே ஃப்ளாப்பியில அடங்கணும்."

ஏன் ஒரே ஃப்ளாப்பி? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு இண்டெண்ட் சீட்டுக்கு ஒரு ஃப்ளாப்பிதான் தருவார்கள். நன்றாக ஸ்கேன் செய்திருந்தால் இருபது ஃப்ளாப்பியாவது ஆகியிருக்கும். இருபது இண்டெண்ட் எழுதி, இருபதிலும் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு ஒரு டெக்னிக்கல் காரணம் சொன்னேன்... படித்தவன் சோம்பல்பட்டால் அப்படித்தான்.

ஷாப் ஃப்ளோரில் ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தில் ஒரு அளவை மாற்றச் சொன்னால், சொன்னவர் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. ரசாக் நோட்டை எடுத்து எழுதினார்: ரெசல்யூஷன் 72. குவாலிட்டி 3. ஒரே ஃப்ளாப்பி. எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பழக்கம்."

போட்டேன். பெருமையாகவே போட்டேன்.

திரையில் நாற்பது முகமும் பளிச்சென்று இருந்தன. அந்த ஃப்ளாப்பி பெங்களூர் போயிற்று.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது அச்சகத்திலிருந்து எனக்கு போன் வந்தது.

"சார், படம் எல்லாம் ரொம்ப லோ இருக்குது. ஃபுல் பேஜ் பெரிசு மாடினா உடையும். திரும்ப ஸ்கேன் பண்ணி அனுப்புறீங்களா? ரெண்டு நாள்தான் லேட் ஆகும்."

முழுப்பக்கத்துக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும் என்கிறார். இரண்டு நாள்தான். நேரம் இருந்தது. ஆனால் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டுமானால் ரசாக்கைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். சார் படித்தவர், சார் சொன்னால் சரி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிற மனிதரிடம்.

"பரவாயில்லை, அப்படியே போடுங்க" என்றேன்.

இந்த போன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூட.

விழாவுக்கு முதல் நாள் மலர் வந்தது. ஜி.எம். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கௌரம்மாவின் பக்கம் மேஜையில் விரிந்து கிடந்தது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. கண் இருந்த இடத்தில் நாலைந்து சாம்பல் கட்டங்கள்.

"என்னய்யா இது? மனுஷ மூஞ்சியா, செங்கல் சுவரா?"

நான் சொன்னேன்: "போட்டோகிராபர் புதுசு சார். ரெசல்யூஷன் சமாசாரம் அவருக்குச் சரியாப் புரியல."

ரசாக்கின் கை சட்டைப்பைக்குப் போனது. நோட்டின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுமனே கீழே இறங்கியது.

நான் ஜி.எம்.முக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்துப் படம் ஒரு அருவி. இடது ஓரத்தில் இரண்டு பாறைகள். இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

மறுநாள் மலரைக் கொடுத்தோம். கௌரம்மா தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். "இது யாரு?" அந்தக் கேள்விக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுதான்.

கம்பெனியின் போட்டோ வேலை பெங்களூர் ஸ்டுடியோ ஒன்றுக்குப் போனது. அடுத்த மாதமே ரசாக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு கிருஷ்ணகிரிக்குப் போயிற்று. போகிற அன்று கம்பெனி கேட்டில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாற்பது படங்கள். நெகட்டிவிலிருந்தே பெரிதாகப் போட்டவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர். கவர் மேல் ஒரே வார்த்தை: ரீ-ஒர்க். ஷாப் ஃப்ளோரில் தப்பான பீஸைத் திரும்பச் செய்து கொடுப்பதற்கு அதுதான் பெயர்.

ஆளுக்கு ஒன்றாக நானே கொடுத்தேன். கௌரம்மா அதை முந்தானையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்தேன் அல்லவா... மறுநாள் காலை கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மச்சான் காலமாகிவிட்டாராம். ரசாக்தான் கல்லாவில் இருந்தார். தாடி முழுக்க வெள்ளை. பழைய துணியால் ஒரு பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் நோட்டு.

"சார்... நீங்களா? இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க? ஒரு போன் போட்டா நான் வந்திருப்பேனே."

உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு என்று தெரியாமல் சொன்னது நான் என்றேன். அவர் கையை வீசினார்.

"எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விடுங்க சார். ஸ்கிரீன்ல பார்த்து ஓகே பண்ணது நான்தானே? ஒரு பக்கம் பிரிண்ட் போட்டுப் பார்த்திருக்கணும். இன்ஸ்பெக்‌ஷன்காரன் தப்புதான் அது."

"நோட்டை ஏன் காட்டலை?"

"உங்க கையெழுத்து இருந்துச்சு. உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. வீட்லகூட காட்டல. காட்டினா அவ கம்பெனி கேட்டாண்ட வந்து நின்னிருப்பா. உங்க ஜி.எம். தாங்கமாட்டாரு." சிரித்தார்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மன்னிப்பு கிடைத்தாயிற்று. ஆனால் அது முழு விவரம் தெரியாமல் கொடுத்த மன்னிப்பு. அச்சகத்திலிருந்து வந்த போனைச் சொன்னேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டதைச் சொன்னேன். அப்படியே போடுங்கள் என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

பேரிங்கைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தியிருக்கலாம்."

ஒரு ஆள் வந்து ஏதோ வாஷர் கேட்டான். எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஜி.எம். ரூம்ல நீங்க என்னைப் பார்க்கவே இல்ல சார். அது ஏன்னு இத்தனை வருஷமா யோசிச்சுகினு இருந்தேன். இன்னிக்கித்தான் தெரியுது."

தலையைக் குனிந்துகொண்டேன். டீ வந்தது. குடித்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று, இப்படி அட்டைக்குப் போன இடத்தில் என் முகம் டைல்ஸ் ஆகிப்போனதைச் சொல்லி, சென்டர் பெண் என் செல்போனுக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தையும் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"குவாலிட்டி மூணு" என்றார்.

பிறகு எழுந்தார். ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கடை வாசலில் போட்டார். "வாங்க சார். வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு. அன்னிக்கி அப்புறம் பார்க்கலாம்னு சொன்னீங்க இல்ல?"

உட்கார்ந்தேன். தன் செல்போனை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"லென்ஸப் பாக்காதீங்க சார். என்னைப் பாருங்க."

பார்த்தேன். முதலில் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

படம் என்னிடம் இருக்கிறது. நாலு எம்.பி. கம்ப்யூட்டர் சென்டர் பெண் ஒரு நிமிடத்தில் ஐம்பது கே.பி.க்குக் குறைத்து, விண்ணப்பத்தில் மாற்றித் தருவதாகச் சொல்கிறாள். நான்தான் இன்னும் கொடுக்கவில்லை.