இல்லாத வட்டுக்கு ஒரு டிரைவர்

பல்கலைக்கழகம் முடித்துப் பதுளைக்குத் திரும்பியதும், கடைவீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலிருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கு வேலை கிடைத்தது. என்னோடு படிப்பித்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க அதிகாரி ஒருவரின் மகள். என் அம்மா அப்போதும் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். என்னோடு படிப்பித்தவரை, பிள்ளைகள் கூப்பிடுவதைப் போலவே, நான் டீச்சர் என்றேன். அவர் என்னை, ஆண் ஆசிரியர்களைக் கூப்பிடும் வழக்கப்படி, சேர் என்றார்.

யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தின் மேல் இருவருக்கும் பித்து. அதன் மையமான கெர்னலைச் சோதிக்க தகவலைச் சேமிக்கும் வட்டுகள் விதவிதமாக வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரேயொரு பழைய கம்ப்யூட்டர். அதனால், இல்லாத வட்டை இருப்பதாகக் கெர்னலை நம்பவைக்கும் டிரைவர் நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினேன். வட்டு எவ்வளவு பெரியது, எவ்வளவு மெதுவாகப் பதில் சொல்லும், எப்போது பழுதாகும் என்று எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். வகுப்பு முடிந்த பிறகு நான் எழுதியதை அவர் வரிவரியாகப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டார். "சேர், வட்டில தகவல் எழுதிக்கொண்டிருக்கேக்க அதைக் கழட்டினால் என்ன நடக்கும்?"

"யாரு டீச்சர் அப்படிக் கழட்டப் போறாங்க?"

"கழட்டுவினம். அதையும் ஒரு அமைப்பாப் போடுங்கோ."

போட்டேன். ஓடவிட்டதும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோனது. என் தவறு என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் தேடிய பிறகுதான் தெரிந்தது, பிழை கெர்னலிலேயே இருந்தது. போய்விட்ட வட்டை அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உடனே விட்டுவிட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் சொன்னார். "கலியாணம் சரிவந்திருக்கு சேர். கனடா."

"டிரைவர் இன்னும் முடியலையே டீச்சர்," என்றேன்.

அவர் திரையின் பக்கம் திரும்பினார். "முடிச்சு எல்லாருக்கும் அனுப்புங்கோ. எங்க இருந்தாலும் நான் பாப்பன்."

முடிக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் கை ஓடவில்லை. கடைசியில், கெர்னல் எழுதுகிறவர்கள் கூடும் பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். முன்பின் தெரியாதவர்கள் குறை சொன்னார்கள், திருத்தினேன். பிறகு ஒரு காலை, அவருடைய பதில் வந்தது. பெயருக்குப் பின்னால் புதிதாக இன்னொரு பெயர். சுருக்கமான ஆங்கிலம். நினைவகத்தை நான் விடுவிக்காமல் விட்ட ஓரிடத்தைச் சுட்டியிருந்தார். சேர் என்ற சொல் எங்கும் இல்லை. உலகமே படிக்கும் இடத்தில் வேறு எப்படி எழுத முடியும்?

பதில் பெட்டியில் தமிழில் 'சுகமா டீச்சர்' என்று அடித்தேன். அழித்தேன். நன்றி என்று ஆங்கிலத்தில் எழுதி, திருத்தத்தை அனுப்பினேன். அவர் ஒப்புதல் தந்தார். டிரைவரும் கெர்னலில் சேர்க்கப்பட்டது.

இப்போதும் அந்த டிரைவர் கோப்புக்கு யாராவது திருத்தம் அனுப்புகிறார்கள். என்ன திருத்தம் என்று பார்ப்பதற்கு முன், யார் அனுப்பியது என்றுதான் பார்க்கிறேன்.