தெளிந்த தண்ணீரை நம்பினோம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, புது அணைக்குக் கீழே எங்கள் ஊர். தண்ணீர் கலங்கி வந்தால்தான் வெள்ளம் என்று பழகியவர்கள் நாங்கள்.

போன மாதம் நானும் மைத்துனரும் சந்தைக்குப் போகப் பரிசலை ஆற்றுப்போக்கில் விட்டோம். மழையில்லை; தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. பாதி வழியில், எப்போதும் தலைநீட்டும் பாறைகளைக் காணோம்.

“மாப்ள, பரிசலு ஓட்டையா?” என்றேன்.

“இல்லீங்க மச்சான், உங்க தொந்திதான்!” என்றார் மைத்துனர்.

அடியைத் தடவினேன், ஈரமே இல்லை. பரிசல் தாழ்கிறதா, ஆறு ஏறுகிறதா? ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் இழுப்பு கூடி, பரிசல் சுழன்றது. கரையோரப் புங்கங்கிளை அகப்பட்டதால் பிழைத்தோம். பரிசல் போய்விட்டது.

“அணையில மண்ணு அடியில தங்கிருமுங்க. ஷட்டர் திறந்தாத் தெளிஞ்ச தண்ணிதான் வரும்” என்றார் அணைக் காவலாளி, பிறகு விசாரித்தபோது.

இப்போதெல்லாம் புதுப் பரிசலை இறக்குமுன் முதலில் அவரைக் கேட்கிறேன். பிறகு கரையில் குச்சி நட்டு அரைமணி பார்க்கிறேன். விரலளவு ஏறினாலும் பஸ்தான். கேலி பேசாமல் மைத்துனரும் கூடவே ஏறுகிறார்.