மேற்கு மூலையில் எழுந்த விமானம்

என் தம்பி லவ்ரென்சியு ருமேனியாவில் எங்கள் ஊர் உப்புச் சுரங்கத்தில் லிஃப்ட் இயக்குபவன். ரப்பர் முறுக்கில் பறக்கும் குட்டி விமானத்தை அவனே செய்வான். எடை இரண்டு கிராம்கூட வராது. காற்றே அசையாத சுரங்கத்துக்குள்தான் போட்டி நடக்கும். விமானத்துக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. உடம்புச் சூடு அதை மேலே தூக்கிவிடும்.

அன்று இருபது நிமிடம் பறந்தால் தேசிய அணியில் இடம். ரப்பரை ஆயிரத்து நானூறு முறுக்கு முறுக்கினான், நான் எண்ணினேன். பதினெட்டாம் நிமிடத்தில் இறங்கத் தொடங்கிய விமானம், மேற்கு மூலைக்குப் போனதும் சுற்றிச் சுற்றி மெல்ல எழுந்தது. உப்புப் பாறை சரிந்து அப்பா இறந்த மூலை அது.

"அக்கா, அங்க யாரு நிக்கிறது?"

"யாருமில்லடா. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்."

இருபத்தோரு நிமிடம் பறந்து அங்கேயே தரை தொட்டது. எல்லோரும் கைதட்ட, தம்பி நடுவரிடம் போனான்.

"இத எழுதாதீங்க சார். கீழ ஆள் இருந்தாங்க."

"பைத்தியமாடா உனக்கு? மூலை காலியா கிடக்கு!"

"நம்ம கண்ணுக்குத்தான் சார் காலி. விமானம் பொய் சொல்லாது."

நேரம் குறித்த சீட்டைத் தானே கிழித்தான். விமானத்தை எடுக்க நான் போனேன். சுரங்கம் முழுக்கக் குளிர்; அந்த மூலையில் மட்டும் தரை கதகதப்பாக இருந்தது.